விடாத கிளட்ச்

மே 9, வெள்ளி

என் மூத்த மகனின் பிள்ளை கௌதம் ஐதராபாத்தில் டீம் லீடர் ஆகிவிட்டான். இருபத்தேழு வயதில் அவனுக்குக் கீழே பதினோரு பேர். அவன் தங்கை யாழினி பல் டாக்டருக்குப் படிக்கிறாள். மூன்றாம் வருடம், வகுப்பில் இரண்டாவது. முதலாவதாக வந்தவள் டாக்டர் வீட்டுப் பிள்ளை, அதனால் அவளைச் சேர்த்துப் பார்க்க வேண்டியதில்லை. என் மகள் ஜெயக்கொடி பெற்ற மதுமிதா மதுரையில் வேளாண் கல்லூரியில் படிக்கிறாள். பயிரை அழிக்கும் பூச்சிகளைப் பற்றி இங்கிலீஷில் பேசிப் பரிசு வாங்கியிருக்கிறாள். பூச்சியைப் பற்றிப் பேசினால் பரிசா என்று எதிர்வீட்டுக்காரி கேட்டாள். உன் பேரன் பேசினால் பூச்சிகூட நின்று கேட்காது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நான் படித்தது ஐந்தாவது. அந்த ஐந்தையும் ஒழுங்காகப் படித்தேன். மதுமிதாவுக்கு வந்திருப்பது எங்கள் வழி மூளை. அவள் அப்பா வழியில் வந்தது அந்தச் சுருட்டை முடி மட்டும்தான்.

அவள் அப்பா, என் மருமகன் தவசிலிங்கம், ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து இருபத்திரண்டு வருடமாக என் வீட்டில் இருக்கிறார். மினிபஸ் டிரைவர். பங்குனியில் ஒரு டீக்கடைத் தட்டியில் பஸ்ஸை உரசிவிட்டார். கேட்டதற்கு, கிளட்ச் கடுசாக இருக்கிறது, அழுத்த வரவில்லை என்றாராம். ஓனர் மெக்கானிக்கை வைத்துப் பார்த்து, கிளட்சில் ஒன்றும் இல்லை என்று சொன்னதும் இவருக்கு ரோசம் வந்து வேலையை விட்டுவிட்டார். ஆடத் தெரியாதவள் தெருக்கோணல் என்றாளாம்.

ஜூன் இரண்டாம் தேதி பள்ளிக்கூடம் திறக்கிறது. பைபாஸ் பக்கம் புதிதாக வந்த பள்ளிக்கூடத்தில் வேன் ஓட்ட ஆள் கேட்டு, இவரைச் சரி என்று சொல்லியிருக்கிறார்கள். அதுவரை என்ன செய்வார்? கொல்லையில் பதினாறு வருடமாகத் தார்ப்பாய்க்குக் கீழே கிடந்த, செத்துப்போன என் வீட்டுக்காரரின் மோட்டார் சைக்கிளை இன்று வெளியே இழுத்துவிட்டார். ஓட வைக்கப்போகிறாராம். உள்ளே எலி குட்டி போட்டிருந்தது. இந்த ஊரில் அந்த வண்டியால் பிரயோசனப்பட்டது அந்த எலி ஒன்றுதான்.

மே 11, ஞாயிறு

எங்கள் வழக்கத்தில் மாமியார் மாப்பிள்ளையோடு நேருக்கு நேர் பேசுவதில்லை. என் அம்மாவும் பேசியதில்லை. சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்ல வேண்டும், அவள் போய்ச் சொல்வாள். ஜெயக்கொடி தையல் கம்பெனிக்குப் போன பிறகு வீட்டில் நானும் அவரும்தான். அதனால் கோழியிடம் சொல்கிறேன்.

"ஏ கோழி, சோறு ஆறிப்போகுது. உக்காந்து திங்கிறவுகளுக்கு நேரங்காலமாவது தெரியணும்" என்றேன்.

கொல்லையிலிருந்து, "கோழி, இந்த ஒரு நட்டு மட்டும் கழட்டிட்டு வாறேன்னு சொல்லு" என்று பதில் வந்தது.

கோழி இரண்டு பேரையும் பார்த்துவிட்டுக் குப்பையைக் கிளறப் போய்விட்டது. இந்த வீட்டில் விவரமானது அதுதான்.

மே 14, புதன்

வண்டி நேற்று ஸ்டார்ட் ஆகிவிட்டது. தெருவே இருமியது. அதோடு முடிந்தது என்று நினைத்தேன். இன்று ஏறி உட்கார்ந்து கியர் போட்டதும் ஒரு குதி குதித்து நின்றுவிட்டது. மறுபடி, மறுபடி. ஏழு தடவை எண்ணினேன்.

கிளட்ச் விடவில்லையாம். கிளட்ச் என்ன என்று எனக்குத் தெரியும். இருபத்தெட்டு வருடம் அந்த வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்தவள் நான். இஞ்சினும் சக்கரமும் கைகோத்துக்கொண்டு ஓடும். இடதுகைப் பக்கம் இருக்கிற லிவரை அழுத்தினால் இஞ்சின் சக்கரத்தின் கையை விட வேண்டும். விட்டால்தான் கியர் மாற்றலாம், வண்டியை நிறுத்தலாம். விடாவிட்டால் குதித்து நின்றுபோகும், இல்லையென்றால் முன்னால் நிற்பவன் மேல் ஏறும். அவ்வளவுதான் விஷயம். இதற்கு இந்த மனிதர் ஒரு மணி நேரம் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

மே 16, வெள்ளி

கிளட்சைப் பிரித்தார். உள்ளே வட்டவட்டமான பிளேட்டுகள் பழைய ஆயிலில் ஊறி, நமுத்த அப்பளக்கட்டு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தன. அரிசி களையும் என் பேசினில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவினார். கேட்டால் வேறு பாத்திரம் கிடைக்கவில்லையாம். அவர் கழுத்துக்கு மேலே ஒரு பாத்திரம் காலியாக இருக்கிறதே என்று கோழியிடம் சொன்னேன்.

மே 18, ஞாயிறு

மாட்டினார். அதே குதி.

மே 20, செவ்வாய்

கிளட்ச் ஒயர் இழுவை போதாது என்று மதுரைக்கே போய்ப் புது ஒயர் வாங்கி வந்தார். மாட்டுவதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது. சின்ன ஸ்க்ரூவை இடதுகையில் எடுக்கிறார், விழுகிறது. எடுக்கிறார், விழுகிறது. கடைசியில் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு வலதுகையால் முடுக்கினார். பிறந்த பிள்ளைக்குக்கூட ஒரு பிடி உண்டு.

புது ஒயரிலும் விடவில்லை.

மே 22, வியாழன்

இன்று தெருமுனைக் கடையிலிருந்து வந்தார். வலது காலில் செருப்பு இருக்கிறது, இடது காலில் இல்லை. நடுத்தெருவில் கழன்று கிடக்கிறது. அது தெரியாமல் வெயிலில் வெறுங்காலோடு வீடுவரை வந்திருக்கிறார். எதிர்வீட்டுக்காரி செருப்பைத் தூக்கிக்கொண்டு வந்து, "ஒங்க மாப்பிள்ளை போட்டுட்டுப் போயிட்டாக" என்று என்னிடம் கொடுத்தாள். அவள் சிரிப்பைப் பார்க்க வேண்டுமே. சாயங்காலம் ஜெயக்கொடியிடம் சொன்னேன்.

"யோசனையா வந்திருப்பாகம்மா."

"செருப்பப் போட்டுருக்கமா இல்லையான்னு காலுக்குத் தெரியாதா? அதுக்குமா யோசன வேணும்?"

"ஒனக்கு அவுக நின்னாலும் குத்தம், நடந்தாலும் குத்தம்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மே 24, சனி

காப்பி டம்ளரைக் கீழே போட்டார். இந்த மாதத்தில் நாலாவது தடவை. சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டுக்கொண்டு கோவிலுக்குக் கிளம்பினார். ஜெயக்கொடி வாசலில் நிறுத்திக் கழற்றி மாட்டிவிட்டாள். நாற்பத்தொன்பது வயது.

மே 25, ஞாயிறு

இரும்புப் பிளேட்டு வளைந்திருக்கிறதா என்று பார்க்கச் சமமான கண்ணாடி வேண்டுமாம். என் பீரோக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். நான் தலைவாரப் போகிறேன், பீரோவில் வெறும் பலகை என்னைப் பார்க்கிறது. கண்ணாடி கொல்லையில் மல்லாந்து கிடக்கிறது. அதன்மேல் பிளேட்டை வைத்து, குனிந்து, ஒரு கண்ணை மூடிப் பார்க்கிறார். ஒரு பிளேட்டுகூட வளையவில்லை. என்றாலும் எல்லாவற்றையும் புதிதாக வாங்கிப் போட்டார். ஸ்ப்ரிங்கும் புதிது.

விடவில்லை.

மே 26, திங்கள்

இன்று ஒரு கூத்து. வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, கியர் போட்டு, லிவரைக் கைப்பிடியோடு சேர்த்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு வலதுகையால் கட்டினார். பிறகு பின்சக்கரத்தைக் கையால் சுற்றினார். ராட்டினம் மாதிரிச் சுற்றியது. ஒரு தடங்கலும் இல்லை. கிளட்ச் விட்டுவிட்டது.

அப்பாடா, முடிந்தது, இனி என் பேசின் எனக்கு என்று நினைத்தேன்.

அவர் முகத்தில் சந்தோஷமே இல்லை. சுற்றுகிற சக்கரத்தையே பார்த்துக்கொண்டு அது தானாக நிற்கிறவரை உட்கார்ந்திருந்தார். பிறகு கயிற்றை அவிழ்த்துவிட்டு, ஸ்பேனரை எடுத்து மறுபடி எல்லாவற்றையும் பிரிக்க ஆரம்பித்தார். சரியாகிவிட்டதைப் பிரிக்கிறவரை இன்றுதான் பார்க்கிறேன்.

மே 28, புதன்

எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன். எழுதுகிறேன்.

அவர் மத்தியானம் படுத்திருந்தபோது கொல்லைக்குப் போனேன். காலையில்தான் எல்லாவற்றையும் திரும்ப மாட்டியிருந்தார். மாட்டிவிட்டு ஓட்டிப் பார்த்தபோது வழக்கம்போலக் குதித்து நின்றிருந்தது. வண்டி ஸ்டாண்டில் கியரிலேயே நின்றது. சக்கரத்தைத் தள்ளினேன், அசையவில்லை. லிவரை இன்னும் தொடவில்லை, அதனால் அது சரிதான். இடதுகையால் லிவரைப் பிடித்தேன். கடுசு, கடுசு என்று இத்தனை நாளாகக் கேட்டிருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். வெண்ணெய் மாதிரி வந்து கைப்பிடியில் முட்டியது. ஒரு காலை நீட்டிச் சக்கரத்தைத் தள்ளினேன். சுற்றியது.

விட்டேன். மறுபடி இழுத்தேன். சுற்றியது.

அவர் இழுக்கும்போது நான் தினமும் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். லிவர் பாதி வழியிலேயே நின்றுவிடும். அதற்கு மேல் அது வராது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு அறுபத்தெட்டு வயது. சர்க்கரை இருக்கிறது. என் கைக்கு வருகிறது.

டம்ளர். பொத்தான். ஸ்க்ரூ. செருப்பு. கை மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. வேனில் கிளட்ச் இடது காலில் அல்லவா இருக்கிறது.

மே 29, வியாழன்

ஜெயக்கொடியிடம் சொன்னேன்.

"அந்த வண்டியில ஒண்ணுமில்லடி. ஒம் புருசன் கையில பெலம் இல்ல. கால்லயும் இல்ல. வேன் ஓட்ட வேண்டாம்னு சொல்லு. மொதல்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ."

அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளி வைத்தாள்.

"கலியாணம் ஆன மறுநாளு, நெறம் பத்தலன்ன. மது பெறந்தப்ப, சம்பாத்தியம் பத்தலன்ன. இத்தன வருசம் அவுகளச் சொல்லிச் சொல்லி ஒண்ணும் மிச்சமில்லன்னு இப்பக் கையில பெலம் இல்லங்கியா? வேல போயி ரெண்டு மாசம் கழிச்சு, இப்பத்தான் ஒரு வேல கெடச்சு மனுசன் மொகம் தெளிஞ்சிருக்கு. அதுவும் பொறுக்கலயா ஒனக்கு?"

"நானே இழுத்துப் பாத்தேன்டி."

"போதும்மா."

நான் சொன்னதில் எதுவும் பொய் இல்லை. நிறம் பற்றிச் சொன்னதும் பொய் இல்லை. ஆனால் அவள் நம்பவில்லை.

மே 30, வெள்ளி

காக்கிச் சட்டை தைத்து வந்துவிட்டது. போட்டுப் பார்த்தார். பொத்தானை ஜெயக்கொடி மாட்டினாள்.

மே 31, சனி

பழகிக்கொள்ளச் சொல்லிப் பள்ளிக்கூடத்தில் வேனைக் கொடுத்திருக்கிறார்கள். நம் வீட்டில் காட்ட வேண்டும் என்று தெருவுக்குள் ஓட்டிக்கொண்டு வந்தார். மஞ்சள் வேன், புத்தம் புதிது. முக்கில் பூக்காரி கூடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் எதிர்வீட்டுப் பேரன், அந்தப் பூச்சிப் பயல், சைக்கிள் டயரை உருட்டிக்கொண்டிருந்தான். வேன் மெதுவாக வந்தது, நிற்கப் போனது, திடீரென்று ஒரு குதி குதித்தது. பூக்காரி கூடையை விட்டுவிட்டுப் பையனை இழுத்துக்கொண்டு சுவரோரம் சாய்ந்துவிட்டாள். வேன் கூடைமேல் நின்று அணைந்தது.

கீழே இறங்கினார். முகம் வெளுத்திருந்தது. நாலு பேர் கூடிவிட்டார்கள்.

"புது வண்டில்ல, கிளட்ச் கடுசா இருக்கு" என்றார்.

ஜெயக்கொடி என்னைப் பார்க்கவே இல்லை. பூக்காரிக்குப் பதில் சொல்கிறதற்கு வேகமாகப் போனாள்.

மூன்றாவது வண்டி. திங்கட்கிழமை காலையில் அதில் நாற்பது பிள்ளைகள் ஏறுவார்கள்.

ஜூன் 1, ஞாயிறு

ஜெயக்கொடி சந்தைக்குப் போனதும் கொல்லைக்குப் போனேன். அவர் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். காலைச் சுற்றி வந்த கோழியை விரட்டிவிட்டேன்.

"மாப்பிள்ளை" என்றேன்.

துணி கையிலிருந்து விழுந்தது. எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார். பிறகு எழுந்து வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார்.

"ஜெயக்கொடி சந்தைக்குப் போயிருக்கா, அத்தை."

"அவகிட்டச் சொல்லிப் பாத்துட்டேன். நம்ப மாட்டேங்கா. ஒங்ககிட்டத்தான் பேசுறேன்."

வண்டிக்குப் பக்கத்தில் போய் லிவரைப் பிடித்துக் கைப்பிடியில் முட்டுகிறவரை இழுத்துக் காட்டினேன். இரண்டு தடவை.

"என் கைக்கு விடுது. ஒங்க கைக்கு விடல. மினிபஸ்ஸுலயும் விடல, இதுலயும் விடல, நேத்து வேன்லயும் விடல. மூணு வண்டிக்கும் ஒரே கோளாறா வரும்?"

அவர் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். மாமியார் நிற்கும்போது உட்காருகிறோம் என்கிற நினைப்புகூட இல்லை. இடதுகையை மடியில் போட்டு வலதுகையால் பிடித்துக்கொண்டார்.

"தெரியும், அத்தை."

"எப்ப இருந்து?"

"கயித்தக் கட்டிப் பாத்த அன்னைக்கு நல்லாத் தெரிஞ்சு போச்சு. அதுக்கு மின்னாடியே சந்தேகந்தான். கோளாறு வண்டியில இருந்துறணும், வண்டியில இருந்துறணும்னு ஒவ்வொண்ணாக் கழட்டுனேன். கழட்ட இனி ஒண்ணுமில்ல."

எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"கை மரத்துப்போனா மனுசன் ஆஸ்பத்திரிக்குப் போவான். நீங்க கடைக்குப் போயிப் பிளேட்டு வாங்கிருக்கீக."

"ஆஸ்பத்திரிக்குப் போனா டிரைவர் வேல அன்னைக்கோட சரி. வேற எனக்கு என்ன தெரியும்? இந்த வீட்ல உக்காந்து திங்கிறவன்னு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

அது நான் கோழியிடம் சொன்ன வார்த்தை. கோழியிடம் சொன்னதை இவர் எதற்காகக் கேட்க வேண்டும்?

"மெதுவாத்தான் ஓட்டப் போறேன், அத்தை. ஊருக்குள்ளதான்" என்றார்.

"மது சின்னப் பிள்ளையா இருந்தா, அந்த வேன்ல நீங்க ஓட்ட, அவள ஏத்தி விடுவீகளா?"

அவர் வண்டியைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார்.

"ஏத்த மாட்டேன்."

"அப்ப, போனை எடுங்க."

என் முன்னாலேயே பள்ளிக்கூடத்துக்குப் பேசினார். "கைக்கு முடியல சார். ஆமா சார். வேற ஆளப் பாத்துக்கங்க. வேன எடுத்துட்டுப் போக இப்பமே ஆள் அனுப்புங்க." அவ்வளவுதான். வேனை ஓட்டிப்போக வேறு டிரைவர் வந்தான். இவர் காக்கிச் சட்டையை மடித்து அவனிடமே கொடுத்துவிட்டார்.

ஜெயக்கொடி சந்தையிலிருந்து வந்தபோது நான் அவருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். நேரே நின்று போட்டேன். அவள் பையை இறக்கக்கூட இல்லாமல் வாசலிலேயே நின்றாள்.

ஜூன் 2, திங்கள்

விருதுநகர் ஆஸ்பத்திரி. கண்ணை மூடச் சொல்லிக் காலில் ஊசியால் தொட்டுப் பார்த்தார்கள். தொட்டது அவருக்குத் தெரியவில்லை. ஜெயக்கொடி வெளியே போய்விட்டாள்.

ஜூன் 6, வெள்ளி

மதுரையில் ஸ்கேன். கழுத்தெலும்பு நகர்ந்து உள்ளே இருக்கிற நரம்பை நெரிக்கிறதாம். இன்னும் ஆறு மாதம் விட்டிருந்தால் படுக்கைதான் என்றார் டாக்டர். ஆபரேஷன் செய்தால் இருக்கிற பலம் போகாது, போனதில் எவ்வளவு திரும்பும் என்று சொல்ல முடியாது என்றார். யார் கவனித்தது என்று கேட்டார்.

"எங்க அத்தைதான்" என்றார் மருமகன்.

இருபத்திரண்டு வருடத்தில் அவர் பேசிய ஒரே உருப்படியான பேச்சு.

ஜூன் 19, வியாழன்

காலை எட்டு மணிக்கு ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோனார்கள். ஒன்றரை மணிக்கு வெளியே வந்தார். இடைப்பட்ட நேரத்தில் ஜெயக்கொடி என் தோளில் சாய்ந்து தூங்கினாள். என்னிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. யார் யாரிடம் கேட்க வேண்டும் என்பதில் எங்களுக்குள் ஒத்துவராது.

ஜூலை 4, வெள்ளி

கழுத்தில் பட்டை. குனிய முடியாது, திரும்ப முடியாது. கோழி அவர் காலடியில் வந்து நின்றால்கூடத் தெரியவில்லை. ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து நாள் முழுதும் அமுக்கச் சொல்லியிருக்கிறார்கள். எட்டாம் நாள் பந்தில் பள்ளம் விழுந்தது. முதல் வாரம் விழவில்லை, அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

மினிபஸ் ஓனர் வந்து பார்த்துவிட்டுப் போனார். ஷெட்டில் வண்டிகள் போகிற வருகிற நேரம் எழுத, எதில் என்ன கோளாறு என்று பார்த்துச் சொல்ல ஆள் வேண்டுமாம். வலதுகைதான் எழுதுகிற கை. கோளாறு கண்டுபிடிக்கிற லட்சணத்தை ஒரு மாதம் பார்த்தவள் நான். வாயைத் திறக்காமல் காப்பி கொடுத்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

மதுமிதா லீவுக்கு வந்திருக்கிறாள். சாயங்காலம் மருமகன் கொல்லைக்கு வந்தார். வண்டியை நான்தான் நடு ஸ்டாண்டில் பிடித்தேன், மதுமிதா கியர் போட்டாள். அவர் பட்டையோடு விறைப்பாக நின்று இடதுகையை லிவரில் வைத்தார். இழுத்தார். பாதி வந்தது, நின்றது. இன்னும் கொஞ்சம் வந்தது. முக்கால்.

"தள்ளிப் பாருங்க, அத்தை" என்றார்.

சக்கரத்தைத் தள்ளினேன். உரசிக்கொண்டுதான் சுற்றியது, முழுசாக விடவில்லை. ஆனால் சுற்றியது.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் மதுமிதா போனைக் காட்டினாள். குடும்பக் குரூப்பில் அவள் போட்டிருக்கிற படம், அவள் அப்பாவை ஆஸ்பத்திரியில் எடுத்தது. மூக்கில் குழாய், வாய் திறந்து, கண் பாதி மூடி. அதற்குக் கீழே கௌதம் கும்பிடு போட்டிருக்கிறான். யாழினி அழுகிற பொம்மை போட்டிருக்கிறாள். என் சம்பந்தக்காரர்கள் எல்லோரும் மூன்று வாரமாக இதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"இதென்னடி படம், கருமாதிப் பத்திரிகைக்குக் குடுக்குற மாதிரி? இத எடு. நாளைக்கு வெளிச்சம் வந்ததும் அவுகள வண்டிகிட்ட நிறுத்தி வேற படம் எடுத்துப் போடு. லிவரப் பிடிச்சு இழுக்குற மாதிரி. அந்தக் கை நல்லாத் தெரியணும். மொகம் எப்பிடி எடுத்தாலும் அதே மொகந்தான்."